முடிவுக்குப் பின் எழுதப்படும் கணக்கு

புனேயில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரியும் நம் சபைச் சகோதரர் ஒருவர், ஜெபக்கூட்டம் முடிந்த பின்னும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார். புதிய பிரிவு ஒன்றைத் தொடங்கலாமா என்று ஆராய்ந்து அறிக்கை தரும்படி மேலதிகாரி அவரிடம் கேட்டிருந்தார். கணக்கோ நஷ்டத்தையே காட்டிற்று. “தொடங்குவதென்று மேலே முடிவாகிவிட்டது, அதற்கேற்ற கணக்கைக் கொடுங்கள்” என்று பதில் வந்ததாம்.

“கையெழுத்துப் போடட்டுமா, பாஸ்டர் ஐயா?” என்றார்.

எனக்கு அகித்தோப்பேலின் நினைவு வந்தது. தாவீதை அந்த இரவே பின்தொடர வேண்டும் என்ற அவனுடைய ஆலோசனையே போர்க்கணக்கில் சரியானது. அப்சலோமுக்கோ, அவனே சேனையை நடத்திச் செல்லவேண்டும் என்ற ஊசாயின் சொல் இனித்தது. அரண்மனையிலும் அலுவலகம்தான் நடந்திருக்கிறது!

நம் ஊர்க் காரியம் ஒன்றையும் அவரிடம் சொன்னேன். ஆகுர்டியிலுள்ள பஜாஜ் ஆட்டோ 1972-இல் சேத்தக் ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் அதற்காகக் காத்திருந்தவர்கள் நம்மில் உண்டு. 2001-இல் வந்த பல்சர் மோட்டார் சைக்கிள் நன்றாக விற்றது; ஸ்கூட்டர் விற்பனையோ தேய்ந்தது. 2009 டிசம்பரில், ஸ்கூட்டரை விட்டு மோட்டார் சைக்கிளிலேயே ஊன்றி நிற்போம் என்று நிர்வாக இயக்குநர் ராஜீவ் பஜாஜ் அறிவித்தார். நிறுவனத் தலைவரான தந்தை ராகுல் பஜாஜ், இது தமக்கு வருத்தம் தருகிறது என்று வெளிப்படையாகவே கூறினார். மகன் அசையவில்லை.

பின்னாட்களில் கியரில்லா ஸ்கூட்டர்கள் நாடெங்கும் பெருகின. பஜாஜின் மோட்டார் சைக்கிள்களும் அநேக தேசங்களுக்குச் சென்றன. 2020 ஜனவரியில் சேத்தக் மின்சார வண்டியாகத் திரும்பி வந்தது. யார் சரி என்று இன்றும் வழக்காடலாம். கணக்கு மாத்திரமே அங்கே தீர்மானித்தது என்றும் நான் சொல்லமாட்டேன். அதிகாரம் மகன் கையில் இருந்தது. ஆனாலும் மகனுடைய காரணமும் தந்தையின் மறுப்பும் இரண்டும் வெளிச்சத்தில் இருந்தன. மாற்றுக் கருத்தைத் திருத்தி எழுதி ஒத்த கருத்தாக்குவதுதான் வேறு காரியம்.

சகோதரர் நஷ்டக் கணக்கை அப்படியே முதற்பக்கத்தில் வைத்து, முடிவெடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு என்று கீழே எழுதிக் கையெழுத்திட்டார். பிரிவு தொடங்கப்பட்டது. அந்த வருஷம் அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. சில வாரங்கள் அவருடைய மனைவி மாத்திரமே ஜெபக்கூட்டத்துக்கு வந்தார்கள். என்னிடம் அதிகம் பேசவில்லை.