உடலின் நோயும் உள்ளத்தின் பாரமும்

நோயுற்ற குழந்தைக்காகக் கண்ணீர் வடிக்காத பெற்றோர் இல்லை. அக்குழந்தை வளர்ந்து இருபது வயதை எட்டும்போது அதன் உள்ளத்தில் நிகழ்வது என்ன என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. சிறுவயதிலேயே நீரிழிவு கண்ட பிள்ளைகளையுடைய நம் பங்குக் குடும்பங்களுக்கு இதுபற்றிச் சில கூற விழைகின்றோம்.

தோவாளையில் பூ வணிகம் செய்யும் எம் தமக்கையின் மகனுக்கு எட்டு வயதில் இந்நோய் கண்டது. இது முதியோருக்கு வரும் சர்க்கரை நோயன்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுவதால் வருவது. மிட்டாய் தின்றதால் வருவதன்று. பெற்றோர் செய்த பாவத்தால் வருவதுமன்று. வாழ்நாள் முழுவதும் இன்சுலின் செலுத்துவதே இதற்கு வழி.

1922 சனவரியில், கனடாவின் டொராண்டோ நகரில், லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்னர் இந்நோய் கண்ட சிறுவர் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் மாண்டனர். இன்றோ அவர்கள் கற்கின்றனர், பணிபுரிகின்றனர், மணமுடித்து மக்களைப் பெறுகின்றனர். இறைவன் மருத்துவத்தின் வழியாகத் தந்த பெருங்கொடை இது.

ஆயினும் அதற்குரிய உழைப்பைச் சற்றே கணக்கிடுங்கள். நாளொன்றுக்கு நான்கு ஊசியென்றால் 12 ஆண்டுகளில் 17,500-க்கும் மேல். விரலைக் குத்திக் குருதியைச் சோதிப்பது வேறு. தோவாளைப் பூச்சந்தையோ பொழுது விடியுமுன்னே சுறுசுறுப்படைவது. அந்த நெரிசலில் வேளை தவறாது உண்ணவேண்டும். சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கினால் உடனே இனிப்பை வாயிலிடவேண்டும். கிறிஸ்மஸ் நாளன்றும் விடுமுறை இல்லாத வேலை இது.

சிறுவயதில் இச்சுமையைத் தாய் சுமக்கின்றாள். பதினெட்டு வயதளவில் அது பிள்ளையின் தோளுக்கு மாறுகின்றது. கல்லூரி, வேலை, திருமணம் ஆகிய கவலைகளும் அப்போதுதான் வந்து சேர்கின்றன. "வெளியே சொல்லாதே, பெண் கிடைக்காது" என்று வீட்டார் எச்சரிக்கும்போது, நோய் வெட்கத்திற்குரியதாகிவிடுகின்றது. இத்தகைய இளைஞரிடையே மனச்சோர்வு மற்றவரைக் காட்டிலும் மிகுதி என்பது மருத்துவர் கண்ட உண்மை. சோர்ந்தவன் ஊசியைத் தவிர்க்கின்றான். இன்சுலின் அறவே நின்றால் குருதியில் அமிலம் பெருகி, வாந்தியும் மூச்சிரைப்பும் மயக்கமும் கண்டு, விரைவில் உயிருக்கே இறுதி நேரலாம்.

எம் மருமகன் இருபதாம் வயதில் பேச்சைக் குறைத்தான். பங்கின் இளைஞர் குழுவை விட்டும் விலகினான். "திமிர்" என்றனர் சிலர். "விசுவாசக் குறைவு" என்றனர் வேறு சிலர். ஒருநாள் அவன் எம்மிடம் கூறினான்: "மாமா, சர்க்கரை எவ்வளவுன்னு எல்லாரும் கேக்காவ, நான் எப்படி இருக்கேன்னு ஒருத்தரும் கேக்கல்லை."

பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்தவரை நற்செய்தியில் காண்கின்றோம். ஆண்டவர் அவரைக் குணமாக்குமுன் அவருடைய விருப்பத்தைக் கேட்டார். அம்மனிதரோ, தமக்கு உதவ ஆளில்லை என்னும் மனக்குறையைக் கொட்டினார். எல்லாம் அறிந்த ஆண்டவரே கேட்டார் என்றால், ஒன்றும் அறியாத நாம் கேளாதிருத்தல் தகுமோ?

உள்ளம் சோர்வது விசுவாசக் குறைவுமன்று. பரணங்கானத்தில் வாழ்ந்த புனித அல்போன்சா நெடுநாள் நோயாளி. 1940-இல் ஓரிரவு திருடன் அறைக்குள் நுழைந்த அதிர்ச்சியில் அவர் நினைவாற்றலையும் இழந்து துன்புற்றார். அவரையே திருச்சபை 2008-இல் புனிதராக உயர்த்தியது.

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் சர்க்கரை அளவைக் கேட்குமுன் அவன் மனநிலையைக் கேளுங்கள். அவன் பேசும்போது அறிவுரை கூறாது செவிமடுங்கள். உறக்கமின்மை, தனிமை, எரிச்சல், எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவம் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகலாகத் தமிழிலேயே அழைக்கலாம். சாவைப் பற்றிப் பேசினால் அற்பமாக எண்ணாதீர்கள். தனியே விடாது அன்றே மருத்துவரை நாடுங்கள். நவநாளும் நேர்ச்சையும் நன்றே; ஆனால் அவற்றை நம்பி ஒருவேளை ஊசியையும் நிறுத்துதல் ஆகாது. மருத்துவரை மதிக்குமாறு சீராக்கின் ஞானநூலே பணிக்கின்றது.

எம் மருமகன் சில மாதங்கள் மருத்துவமும் ஆலோசனையும் பெற்றான். சலிப்பு மிகும் நாட்கள் இன்றும் உண்டு. ஆனால் அந்நாட்களில் அவன் அதை வாய்திறந்து சொல்கின்றான், வீட்டாரும் கேட்கின்றனர். நோய் நீங்கவில்லை, தனிமை நீங்கியது. நம் இல்லங்கள் ஒவ்வொன்றிலும் அவ்வாறே கேட்கும் செவி உண்டாக, நோயாளரின் ஆரோக்கியமான அன்னை மரியா நமக்காகப் பரிந்து பேசுவாராக!