கலுங்கில் அடுக்கிய மூட்டைகள்

எங்கள் கண்மாய்க்குக் கரை போட்டது யார் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. உத்திரமேரூர்க்காரர்கள் பராந்தகன் காலத்து ஏரி வாரியத்தைச் சொல்லிப் பெருமைப்படலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிவகங்கைச் சீமையில் கிடக்கும் எத்தனையோ மண்கரைகளில் இதுவும் ஒன்று. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைவு, ஆகவே ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஒன்றியத்துக்கோ ரோடுதான் முந்தி.

மண்கரை எவ்வளவு தண்ணீரையும் மார்பில் தாங்கும். தலைமேல் ஏறினால் மட்டும் தாங்காது. ஒரு சாண் வழிந்தாலும் பின்சரிவு அரித்து, விடிவதற்குள் உடைப்பெடுத்துவிடும். அதற்காகத்தான் கலுங்கு. மிஞ்சிய தண்ணீர் அதன் வழியே இறங்கி அடுத்த கண்மாய்க்குப் போகும், அது நிறைந்து அதற்கடுத்ததற்கு. கலுங்கின் மேல் நட்ட கற்களுக்கு நடுவே களிமண்ணும் புல்லும் அடைத்து இன்னும் கொஞ்சம் தேக்குவது பழைய வழக்கம். கனமழை பிடித்தால் யாராவது ஓடிப்போய்ப் பிடுங்கிவிட வேண்டும்.

அந்த யாராவது, நீர்ப்பாய்ச்சி. அறுவடையில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். அடைமழை இரவிலும் அரிக்கேன் விளக்கோடு கரையில் நடந்து நண்டுவளை, எலிவளை பார்ப்பார். கசிவு தெளிவாக வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்பார். பின்னாளில் ஒரு பொறியாளரும் இதையேதான் சொன்னார், கொஞ்சம் சுற்றி வளைத்து.

இன்று வயலுக்கு வயல் போர்வெல். நீர்ப்பாய்ச்சிக்கு நெல் அளப்பாரில்லை, அவரும் இல்லை. கரை நெடுகச் சீமைக்கருவேலம். அதை வெட்டினாலும் தொல்லை தீராது. வேர் உளுத்த தடம் தண்ணீருக்கு வழியாகிவிடும்.

2017-இல் குடிமராமத்துத் திட்டம் வந்தது, வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளலாம் என்றார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பொக்லைன்காரருக்குக் கரையடி வசதி, அங்கேயே தோண்டுவார். கரைக்கு அடிமானம் போகும். மதகு மட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்துத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கும், கிணறு ஊறும். என்னைக் கேட்டால் முதலில் வரத்துக்கால், அப்புறம் கலுங்கு, தூர் வாருவது அதற்கும் பிறகு. யார் கேட்கிறார்கள்!

இப்போது கலுங்கில் களிமண்ணுக்குப் பதில் மணல் மூட்டை அடுக்குகிறோம். தண்ணீர் வரவில்லை என்று கீழக் கண்மாய்க்காரர்கள் வருகிறார்கள். உள்வாயில் பயிர் வைத்தவர், மூழ்குகிறது என்கிறார். மூட்டையை எடுக்க வேண்டும் என்பதில் இப்போது இரு தரப்பும் ஒன்று. மழையில் இறங்கி எடுப்பது யார் என்பதில்தான் கூட்டம் கலைகிறது.