ஏ.சி.128 தேடி அலைந்த கதை

கிட்டார் வாசிப்பவர்களின் காலடியில் ஒரு சின்னப் பெட்டி கிடக்கும், பார்த்திருப்பீர்கள். காலால் அழுத்தினால் கிட்டாரின் குரல் மாறும். அவற்றில் ஒரு வகைக்கு ஃபஸ் என்று பெயர். எங்கள் காலத்து மெல்லிசைக் குழுவில் அதைக் ‘கரகரப் பெட்டி’ என்றுதான் சொல்வோம். சுத்தமாக வருகிற ஒலியை வேண்டுமென்றே கெடுத்து, தேனீக் கூட்டம் இரைகிற மாதிரி ஆக்குவதுதான் அதன் வேலை. மற்ற சாமான்களை இரைச்சல் வருகிறது என்று ரிப்பேருக்குக் கொண்டு வருவார்கள். இதை இரைச்சல் வரவில்லை என்று கொண்டு வருவார்கள்!

இது பிறந்ததே ஒரு ரிப்பேரில்தான். அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸ் பாடி, 1961ல் வெளிவந்த ‘டோன்ட் வொர்ரி’ என்ற பாட்டின் பதிவின்போது, மிக்ஸிங் மேஜையின் ஒரு சேனல் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரவென்று பதிவாகிவிட்டது. அதை அப்படியே விட்டார்கள். பாட்டு நன்றாக ஓடியது. ஒலிப்பதிவாளர் க்ளென் ஸ்நாடி, கெட்டுப்போன அந்தச் சத்தத்தை ட்ரான்சிஸ்டர் வைத்துத் திரும்பச் செய்தார். 1962ல் அது மேஸ்ட்ரோ என்ற பெயரில் பெட்டியாகவே கடைக்கு வந்தது. 1965ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டால் உலகமே அதைக் கேட்டது. அடுத்த வருஷம் லண்டனில் அர்பிட்டர் கம்பெனி ‘ஃபஸ் ஃபேஸ்’ என்று வட்டமான ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மிதித்தது அதைத்தான்.

என் அத்தானிடம் இருப்பது அந்த லண்டன் பெட்டியின் உள்நாட்டு நகல். 1978ல் புரசைவாக்கம் பக்கம் ஒரு சந்தில் இருந்த மெக்கானிக் ஒருவர் அலுமினியத் தகட்டை மடித்துக் கையால் செய்து கொடுத்தது. விலை 175 ரூபாய். அத்தானிடம் அப்போது அவ்வளவு பணம் ஏது? கோயில் திருவிழாவில் விடிய விடிய வாசித்தால் இருபத்தைந்து ரூபாயும் ஒரு பிரியாணிப் பொட்டலமும் கிடைக்கும். பணம் கொடுத்தது என் அக்கா. கல்யாணமான புதிது, பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

போன வருஷம் அக்கா காலமானாள். அதன்பின் ஆறேழு மாதம் அத்தான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் பரணிலிருந்து கிட்டாரை இறக்கினார் என்று பேத்தி போன் செய்தாள். கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டாயிற்று. பெட்டியில்தான் சத்தமே இல்லை. பேத்தி புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறாள். இப்போது ஒரே பெட்டியில் நூறு விதமான ஒலி வருகிறதாம். நான் போனபோது அத்தான் சொன்னது இவ்வளவுதான்: “அதுல உங்க அக்கா சம்பளம் இருக்கு மாப்ளே. நீ பாரு.”

வேலை கிடைப்பதற்கு முன் மூன்று வருஷம் ரேடியோ கடையில் சால்டரிங் பிடித்தவன் நான். பார்க்காமல் இருக்க முடியுமா?

நான்கு திருகைக் கழற்றித் திறந்தால், பேட்டரி கசிந்து கிளிப்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. உள்ளே இருப்பது கொஞ்சம்தான். இரண்டு ட்ரான்சிஸ்டர், மூன்று கண்டன்சர், நான்கு ரெசிஸ்டர், இரண்டு கண்ட்ரோல், காலால் மிதிக்கிற ஒரு சுவிட்ச். இதில் பாதி இன்றைக்கும் சுலபமாகக் கிடைக்கும். 20 மைக்ரோஃபாரட் கண்டன்சர் காய்ந்துபோயிருந்தது. இப்போது 22தான் கிடைக்கும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. 2.2ம் மாற்றினேன். கரகரப்பைக் கூட்டிக் குறைக்கிற ஒரு கிலோ ஓம் கண்ட்ரோலை ஸ்பிரே அடித்துத் துடைத்ததும் உயிர் வந்தது. வால்யூம் கண்ட்ரோல் 500 கிலோ ஓம். அதன் கரித்தடம் தேய்ந்தே போயிருந்தது. நல்ல வேளை, வால்வு ரேடியோக்களில் வந்த அதே மதிப்பு; என் பழைய சாமான் டப்பாவிலேயே ஒன்று இருந்தது. மிதி சுவிட்ச் மட்டும் புதிது. அதன் கழுத்து பருமனாக இருந்ததால், பெட்டியில் இருந்த துளையை வட்ட அரத்தால் அரை மணி நேரம் ராவ வேண்டியிருந்தது.

33 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று மீட்டரில் 36 காட்டியது. பழைய கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக இப்படி மேலே ஏறும். அதை மாற்றவில்லை. எல்லாவற்றையும் மாற்றிவிட்டு ‘இது அக்கா வாங்கிக் கொடுத்த பெட்டி’ என்று எப்படிச் சொல்வது?

சிக்கல் முதல் ட்ரான்சிஸ்டரில். அது போயே போயிருந்தது. உலோகக் குழாய் மாதிரி இருக்கும் ஏ.சி.128. ஜெர்மானியத்தில் செய்தது. பழைய ட்ரான்சிஸ்டர் ரேடியோக்களில் ஸ்பீக்கரை ஓட்டியதெல்லாம் பெரும்பாலும் இதுவும் இதன் உறவுக்காரர்களும்தான். நம் பெங்களூரு பி.இ.எல். நிறுவனமே இதைச் செய்து ஊரெல்லாம் கொடுத்தது. ஒரு காலத்தில் எந்த ரேடியோ கடையிலும் டப்பா டப்பாவாகக் கிடக்கும். பிறகு சிலிக்கான் வந்தது. சூட்டைத் தாங்கும், விலை மலிவு. ஜெர்மானியம் மறைந்தது.

சிலிக்கான் போட்டால் வேலை செய்யாதா என்று கேட்கலாம். செய்யும். ஃபஸ் ஃபேஸிலேயே பின்னால் சிலிக்கான்தான் போட்டார்கள். ஆனால் சத்தம் கூர்மையாக, சீறலாக இருக்கும். ஜெர்மானியத்தின் கரகரப்பு கொஞ்சம் உருண்டு வரும். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் தானே அடங்கிச் சுத்தமாகிவிடும். அத்தானின் விரலுக்குப் பழகியது அதுதான்.

ரிச்சி தெருவுக்குப் போனேன். மௌன்ட் ரோடு பக்கம் இறங்கி உள்ளே நுழைந்தால் இப்போது பாதிக் கடைகளில் கண்காணிப்புக் கேமரா, மீதியில் செல்போன் உறை. ஏ.சி.128 வேண்டும் என்றதும் ஒரு பையன், “எத்தனை டன் சார்?” என்றான். குளிர்சாதன மெஷின் என்று நினைத்துவிட்டான் பாவம்! இன்னொரு கடையில் பெரியவர் ஒருவர் எண்ணைக் கேட்டதுமே சிரித்தார். “பத்து வருஷம் முன்னாடி வந்திருக்கணும் சார். எடைக்குப் போட்டாச்சு.” மூர் மார்க்கெட் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். அதுதான் 1985லேயே எரிந்துபோயிற்றே.

தபாலில் வரவழைத்த பத்தும் வந்தன. பளபளவென்று, எண் அச்சு கலையாமல். அந்த அழகே சந்தேகமாக இருந்தது. மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்துத் தொட்டேன். ஜெர்மானியமானால் 0.2, 0.3 வோல்ட் என்று காட்ட வேண்டும். பத்தும் 0.65க்கு மேல். சிலிக்கானை உலோகக் கூட்டில் போட்டு மேலே பழைய எண்ணை அச்சடித்திருக்கிறார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன்.

கடைசியில் கிடைத்தது அயனாவரத்தில். ரேடியோ மெக்கானிக்காக இருந்த ஒருவரின் வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தவர் சொன்னார். அவருடைய மகன் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக் கொடுத்து, “எடுத்துட்டுப் போங்க அங்கிள், காசெல்லாம் வேணாம்” என்றார். பழைய செட்களிலிருந்து கழற்றிய சாமான். அதில் ஏ.சி.128 மட்டும் 23. கால்கள் கட்டையாக வெட்டப்பட்டவை, துருப் பிடித்தவை, ஆனால் அசல்.

அசல் என்றால் நல்லது என்று அர்த்தமில்லை. ஜெர்மானியத்தில் மின்சாரம் கசியும். பேஸ் காலில் ஒன்றும் கொடுக்காமலே கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்கும். மீட்டரில் இருக்கிற ட்ரான்சிஸ்டர் துளையில் செருகினால் அந்தக் கசிவையும் பெருக்கம் என்று எண்ணி 200, 250 என்று பொய் சொல்லும். அதனால் தனியாக ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொண்டேன். 9 வோல்ட் பேட்டரி, கலெக்டரில் 2.4 கிலோ ஓம் ரெசிஸ்டர். அதன் குறுக்கே வருகிற வோல்ட்டை முதலில் அளந்தால் கசிவு. பிறகு பேஸுக்கு 2.2 மெகா ஓம் வழியாகத் துளி மின்சாரம், ஏறக்குறைய 4 மைக்ரோ ஆம்பியர். இரண்டாவது அளவிலிருந்து முதலாவதைக் கழித்தால் உண்மையான பெருக்கம். ஒரு வோல்ட் என்றால் சுமார் 100. விரலால் தொட்டு எடுத்ததும் அளக்கக் கூடாது. உடம்புச் சூட்டுக்கே முள் ஏறும். ஐந்து நிமிஷம் ஆற விட வேண்டும்.

இரண்டு நாள் சாயங்காலம் உட்கார்ந்து அளந்தேன். ஐந்து செத்தவை. ஒன்பது கண்டபடி கசிந்தன. தேறியவை ஒன்பது. காகிதத் துண்டில் எண் எழுதி ஒவ்வொன்றிலும் ஒட்டினேன். இந்தப் பெட்டியில் முதல் ட்ரான்சிஸ்டருக்கு 70, 80 பெருக்கம் நல்லது, இரண்டாவதற்கு 120 அருகில் என்பது கணக்கு. பழைய இரண்டாவது இன்னும் 115 காட்டியது, அதைத் தொடவில்லை. முதலாவது இடத்துக்கு என் மீட்டர் சொன்னது ஐந்தாம் எண். பெருக்கம் 76, கசிவும் குறைவு.

பெட்டியில் ஒரு சாக்கெட்டைப் பற்றவைத்துக்கொண்டு அத்தான் வீட்டுக்குப் போனேன். ஒன்றைச் செருகுவது, அவர் வாசிப்பது, கழற்றி அடுத்தது. எந்த எண் என்று சொல்லவில்லை. ஐந்துக்குத் தலையை ஆட்டினார், “நல்லாத்தான் இருக்கு” என்றார், விட்டுவிட்டார். ஏழைச் செருகியதும் ஒரு சுரத்தை மீட்டி நீட்டிப் பிடித்து, அது தேய்ந்து அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திரும்ப அதையே மீட்டினார். பேத்தி எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

“இது யாரு?” என்றார். ஏழாம் எண். பெருக்கம் 94, கசிவு ஐந்தைவிட இரண்டு மடங்கு. என் கணக்குப்படி அது நான்காம் இடத்தில் இருந்தது.

“இதையே வை மாப்ளே.”

வைத்தேன். காலைக் கொஞ்சம் கம்பி வைத்து நீட்டி, மூக்குக் குறடால் காலைப் பிடித்துக்கொண்டுதான் பற்றவைத்தேன். சூடு மேலே ஏறினால் ஜெர்மானியம் தாங்காது. 8.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்த இடத்தில் மட்டும் திருகி மாற்றுகிற 10 கிலோ ஓம் பிரீசெட் ஒன்று போட்டேன். இரண்டாவது ட்ரான்சிஸ்டரின் கலெக்டரில் நாலரை வோல்ட் நிற்கிற மாதிரி அதில் சரிசெய்துகொள்ளலாம். ஏழு கொஞ்சம் கசிகிற ஆள். சென்னை வெயிலில் இது அவசியம். மூடியின் உள்பக்கம், ‘அடாப்டர் போடக் கூடாது, பேட்டரி மட்டும்’ என்று எழுதி ஒட்டினேன். இந்தப் பெட்டியில் பாசிட்டிவ்தான் உடம்போடு சேர்ந்திருக்கிறது. மற்ற பெட்டிகளோடு ஒரே அடாப்டரில் இணைத்தால் ஷார்ட் ஆகிவிடும்.

செத்துப்போன பழைய ட்ரான்சிஸ்டரை அத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார். கிட்டார் உறையில், மீட்டும் பிளாஸ்டிக் துண்டுகளோடு போட்டு வைத்திருக்கிறார்.

ஏப்ரல் கடைசியில் போன் வந்தது. “மத்தியானம் வாசிச்சா மூச்சு முட்டுற மாதிரி விட்டு விட்டு வருது மாப்ளே. ராத்திரி சரியாயிருது.” சின்ன திருப்புளியால் பிரீசெட்டைக் கால் சுற்று திருப்பச் சொன்னேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். சத்தம் நன்றாகிற பக்கம் என்றேன். இப்போது அவரே வெயிலுக்கு ஒரு பக்கம், மழைக்கு ஒரு பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

மீதி எட்டும் அந்த பிஸ்கட் டப்பாவிலேயே இருக்கின்றன. ஐந்தாம் எண்ணை மட்டும் தனியாக ஒரு தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து எடுத்து வைத்திருக்கிறேன். ஏழுக்கு ஏதாவது ஆனால் அதுதான் அடுத்தது.