விற்பது இழிவா?

நம்மவர் வீடுகளில் ஒரு பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்று தெரிந்தவுடனே அவனுக்கு மூன்று வழிகள் காட்டப்படும். ஒன்று டாக்டர், மற்றொன்று வக்கீல், மூன்றாவது இஞ்சினீயர். நான்காவது வழியொன்று உண்டென்று சொல்லத் துணிந்தவரை எங்கள் தோட்டத்தில் நான் இதுவரை கண்டதில்லை. இம்மூன்றில் ஒன்றை அடைந்தபின் அதைவிட்டுத் தானே வெளியேறுகிறவன் பெறும் ஏச்சைப் பற்றிச் சொல்லவேண்டியதே இல்லை.

என் அக்காள் மகன் யந்திரத்துறையில் இஞ்சினீயர் பட்டம் பெற்று, ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் மூன்றாண்டுகள் வேலை பார்த்தான். சென்ற ஆண்டு அதனை விட்டுவிட்டு, கோலாலம்பூரில் ‘ஸ்டார்ட்-அப்’ என்று வழங்கப்படும் இளங் கம்பெனியொன்றில் விற்பனைப் பகுதியில் சேர்ந்தான். மண்ணின் ஈரத்தை அளந்து விவசாயியின் கைத்தொலைபேசிக்கு அனுப்பும் கருவியே அவர்கள் சரக்கு. செய்தி கேட்ட அன்று அக்காள் தொலைபேசியில் அழுதாள். “இதுக்கா தம்பி கடன் வாங்கிப் படிக்க வச்சேன்? கதவு கதவாத் தட்டிச் சாமான் விக்கிறதுக்கா?” என்றாள். தொழில்முறை இஞ்சினீயராகப் பதிவு பெற்றோர்க்கு இந்நாட்டில் வழங்கும் ‘ஐஆர்’ என்னும் அடைமொழி, மகனுடைய கல்யாணப் பத்திரிகையில் ஏறும் நாளை எதிர்பார்த்திருந்தவள் அவள்.

இந்த இகழ்ச்சி எங்கிருந்து வந்தது? பிறப்பினால் தொழிலையும், தொழிலினால் மனிதனையும் அளந்த வருணப் பித்திலிருந்து பாதி வந்தது. அப்பித்து வாணிகனை மூன்றாம் படியிலும் பாடுபடுகிறவனை அதற்கும் கீழேயும் நிறுத்திற்று. மணிமேகலை பாடிய சாத்தனாரைக் கூலவாணிகர் என்று பெருமையோடு வழங்கிய தமிழர், பிற்காலத்தில் நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலையே வேலை என்று எண்ணத் தலைப்பட்டனர். கடல் கடந்து வந்தபோதும் அவ்வெண்ணத்தை மூட்டையில் கட்டிக்கொண்டே வந்தோம். தோட்டத்தில் கிராணியின் நாற்காலிக்கு இன்றும் உள்ள மதிப்பு அம்மூட்டையிலிருந்து எடுத்ததுதான். நான் இதனை எழுதுவதும் அந்நாற்காலியில் அமர்ந்தே!

மற்றப் பாதியை அவ்வளவு எளிதில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அது கங்காணியைப் பற்றிய நினைவு.

மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த முறையை நம் பாட்டன்மார் அனுபவித்து அறிந்தனர். தோட்டத்தில் வேலை செய்த ஒருவனைத் துரை அனுமதிச் சீட்டுடன் அவனுடைய சொந்தக் கிராமத்திற்கே அனுப்புவார். அவன் நல்ல வேட்டி கட்டி, விரலில் மோதிரம் மின்ன ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து மலாய் நாட்டின் பெருமையைப் பேசுவான். மரத்தை உலுக்கினால் பணம் உதிரும் என்று சொன்னானாம் ஒருவன். எங்கள் பாட்டி அதைச் சொல்லிச் சிரிப்பாள், சில நாட்களில் சிரிக்கமாட்டாள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கினால், தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கூலி. பின்னர் அந்த ஆட்கள் வேலைக்கு வரும் நாள்தோறும் தலைக்காசு வேறு. இந்திய சர்க்கார் 1938இல் தடை விதித்த பிறகே இந்த ஆள்பிடிப்பு நின்றது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கங்காணி தான் விற்ற சரக்கை அறியாதவன் அல்லன். அத்தோட்டத்தின் காய்ச்சலையும் கடனையும் அட்டைக் கடியையும் தன் உடம்பிலேயே அறிந்தவன். அறிந்ததைச் சொல்லாமல் விழுங்கியதற்குத்தான் அவனுக்குக் காசு. ஆகவே, ‘இஞ்சினீயர் விற்றால் பொருளறிந்து விற்பான், ஏமாற்று இராது’ என்று பட்டணத்து நண்பர்கள் சொல்லும் சமாதானம் என் செவிக்கு ஏறுவதில்லை.

ஆயினும் இன்றைய வேலை எத்தகையது என்பதை நம் பெற்றோர் அறிந்துகொள்ளவேண்டும். சிக்கலான யந்திரமோ கம்ப்யூட்டர் மென்பொருளோ வாங்க வருகிறவனுக்கு, அது தன் காரியத்திற்குப் பொருந்துமா என்பது தெரியாது. விற்கப் போகிறவனுக்கோ அதன் உள்ளமைப்புப் பல வேளைகளில் தெரிவதில்லை. இவ்விருவருக்கும் நடுவே நின்று, வாங்குவோன் குறையைக் கேட்டு, கருவியை இயக்கிக் காட்டி, முடிவதையும் முடியாததையும் விளக்குகிறவனைப் ‘பிரீ-சேல்ஸ்’ இஞ்சினீயர் என்கிறார்கள். திருச்சிராப்பள்ளியைச் சேர்ந்த கிரிஷ் மாத்ருபூதம் இவ்வழியே நடந்தவர். தஞ்சாவூர் சண்முகா கல்லூரியில் இஞ்சினீயரிங் படித்து, சென்னையில் ஸ்ரீதர் வேம்புவின் கம்பெனியில் (இன்று ஸோஹோ எனப்படுவது) 2001இல் இந்த வேலைக்கே சேர்ந்தார். வாங்குவோர் எதற்குத் திகைக்கிறார்கள், எதற்குச் சினக்கிறார்கள் என்பதை நாள்தோறும் கேட்ட காதுகள் அவை. அமெரிக்காவிலிருந்து வீடு மாற்றி வந்தபோது அவருடைய தொலைக்காட்சிப் பெட்டி உடைந்துபோய், நஷ்ட ஈட்டுக்காக மாதக்கணக்கில் அலைந்த கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். 2010இல் நண்பர் ஷான் கிருஷ்ணசாமியுடன் அவர் தொடங்கிய கம்பெனியின் சரக்கு, வாடிக்கைக்காரரின் குறைகளைக் கேட்டுத் தீர்க்க உதவும் மென்பொருளாகவே அமைந்தது. முதலில் வாங்கியது ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளிக்கூடம். பிரெஷ்ஒர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனி 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியபோது, இந்தியாவிலிருந்த அதன் ஊழியருள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் கோடீசுவரர் ஆயினர் என்று பத்திரிகைகள் எழுதின.

கோடியைக் காட்டி அக்காளின் கண்ணீரைத் துடைக்க நான் முயலவில்லை. ஐந்நூறு பேர் ஏறிய படியில் வழுக்கி விழுந்தோர் தொகையை எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. இளங் கம்பெனிகளிற் பல நம் குளிரில் வைத்த வாழைபோல் குலைதள்ளுமுன்னே பட்டுப்போகின்றன. நான் பார்க்க விரும்பியது வேறு. ஆகவே இம்மலைக்குச் சரக்கோடு வந்த மருமகனுடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் புறப்பட்டேன்.

கம்போங் ராஜா பக்கத்தில், பிளாஸ்டிக் கூரையின் கீழ்த் தக்காளி பயிரிடும் ஒரு சீனத் தவுக்கேயிடம் போனோம். அவர் பத்துக் கருவிகள் வேண்டுமென்று தாமே முன்வந்தார். மருமகன் உடனே ரசீதுப் புத்தகத்தை எடுக்கவில்லை. தோட்டத்தின் மேலும் கீழும் கைத்தொலைபேசியைப் பிடித்தபடி அரைமணி நேரம் நடந்தான். பிறகு, கீழ்ப் பள்ளத்தில் அலை எட்டவில்லை, அங்கே வைக்கும் ஆறு கருவிகளும் செய்தி அனுப்பமாட்டா, மேட்டு நிலத்திற்கு நான்கு போதும் என்று மலாயில் சொன்னான். தவுக்கே அவனை ஏற இறங்கப் பார்த்து நான்கு மட்டும் வாங்கினார்.

திரும்பும் வழியில் கணக்குக் கேட்டேன். கிராணிக்கு வேறென்ன கேட்கத் தெரியும்! ஒவ்வொரு கருவிக்கும் அவனுக்குக் கமிஷன் உண்டு. மாதத்திற்கு இத்தனை விற்றாகவேண்டும் என்ற அளவும் உண்டு. அம்மாத அளவிற்கு அவனுக்கு ஐந்து குறைந்தன. பள்ளத்து ஆறையும் எழுதியிருந்தால் அளவு தாண்டியிருக்கும். “பணம் எப்போது கைக்கு வரும்?” என்றேன். “ரசீது போட்ட மாசமே வந்துடும் மாமா. கருவி வேலை செய்யுதா இல்லையான்னு யாரும் கேக்கமாட்டாங்க” என்றான்.

பினாங்குத் துறையில் தலையெண்ணிக் காசு கொடுத்த கணக்கும் இதுதான்! இறங்கியவன் பிழைத்தானா என்று அங்கேயும் எவரும் கேட்கவில்லை. இதை அவனிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் வண்டி ஓட்டினான். ரிங்லெட் தாண்டிய பிறகு, கருவி மூன்று மாதம் ஒழுங்காக ஓடிய பின்னரே கமிஷன் கொடுக்கும்படி முதலாளிகளுக்கு எழுதிக் கேட்கப் போவதாகச் சொன்னான். அப்படியே எழுதியும் விட்டான். அவனோடு வேலை செய்யும் மற்ற நால்வருக்கும் அது பிடிக்கவில்லை. முதலாளிகளிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அக்காளுக்கு இவையொன்றும் தெரியாது. மகன் மறுபடியும் தொழிற்சாலைக்குப் போவான் என்று அவள் காத்திருக்கிறாள்.