வழிநூலுக்கு ஒரு பெயர்

ஊரைவிடப் பெயர் நெடுந்தொலைவு சென்றமைக்குப் பழவேற்காடு ஒரு சான்றாகும். 1613இல் டச்சுக்காரர் அங்குக் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். அத்துறையிலிருந்து கட்டமிட்ட பருத்தித் துணிகள் கீழை நாடுகளுக்குக் கப்பலேறின. மலாய் மொழியில் இன்றும் கட்டக் கைலிக்குக் 'காயின் பெலிக்காட்' என்றே பெயர். ஆயின், அப்பெயரால் விற்கும் கைலி எவ்வூர்த் தறியில் நெய்யப்பட்டது என்பதைப் பெயர்கொண்டு அறிய இயலாது. நெசவு முறையைப் பிறர் கற்றதில் குறையில்லை. பரவுதல் கலையின் இயல்பு. எனினும், பெயர் ஊரைவிட்டுப் பிரிந்தபின், 'இச்சரக்குக்குப் பொறுப்பாளர் யார்?' என்னும் வினாவுக்கு அப்பெயரில் விடை இல்லை.

இதே வினா இந்நாளில் கணிப்பொறித் துறையிலும் எழுகின்றது. கணிப்பொறியின் உறுப்புகளையும் அதில் இயங்கும் மென்பொருள்களையும் இணைத்து நடத்தும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்பர். லினக்ஸைக் கருவாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளங்களின் மூலநிரல் எவர்க்கும் திறந்தது. அதனைப் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். 1993இல் தொடங்கப்பெற்ற டெபியனிலிருந்து 2004இல் உபுண்டு பிறந்தது. உபுண்டுவின் வழி 2006இல் லினக்ஸ் மின்ட் தோன்றியது. சென்னையில் சிடாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் டெபியனின் வழித்தோன்றலே. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் ஆதரவு முடிவுற்றபோது, தமிழக அரசு தன் துறைகளுக்குப் பரிந்துரைத்தது இந்தப் பாஸையே.

இவை ஒவ்வொன்றும் தனிப்பெயர் தாங்கி நிற்பதை நோக்குக. நிரலைத் தரும் உரிமம் வேறு. பெயரின் உரிமை வேறு. பெயரும் இலச்சினையும் வணிகக் குறிச் சட்டத்தின்பாற்பட்டவை. 'லினக்ஸ்' என்னும் சொல்லே லினஸ் டோர்வால்ட்ஸின் பதிவுபெற்ற வணிகக் குறி. 'டெபியனை அடிப்படையாகக் கொண்டது' என்று உண்மையை உரைக்க டெபியன் இசைகின்றது. திருத்திய ஒன்றை டெபியனே எனக் காட்ட இசைவதில்லை. ரெட் ஹேட் நிறுவனத்தின் மூலநிரலிலிருந்து உருவான சென்ட்ஓஎஸும், 2021இல் வெளிவந்த ராக்கி லினக்ஸ், ஆல்மா லினக்ஸ் என்பனவும் அந்நிறுவனத்தின் பெயரையும் இலச்சினையையும் நீக்கிய பின்னரே தம் பெயரால் வெளிவந்தன.

பெயர் கொடுப்போரான டெபியனும் ஒருகால் பெயர் மாற்றும் நிலைக்கு உள்ளாயிற்று. பயர்பாக்ஸ் என்னும் இணைய உலாவியைத் தன் தேவைக்கேற்பத் திருத்தி வழங்கியது டெபியன். திருத்தங்களுக்குத் தன் ஒப்புதல் இன்றேல் அப்பெயரைப் பயன்படுத்தலாகாது என மொசில்லா 2006இல் உரைத்தது. டெபியன் வழக்காடவில்லை, 'ஐஸ்வீசல்' என்று வேறு பெயரிட்டு வழங்கியது. பத்தாண்டு கழித்து, 2016இல் இரு சாராரும் உடன்பட, பழைய பெயர் மீண்டது.

'நிரலை வாரி வழங்குவோர் பெயரை மட்டும் பூட்டி வைப்பது கருமித்தனம் அன்றோ?' என வினவுவார் உளர். தமிழ் பயின்றோர்க்கு இது புதிர் அன்று. நூல்களை முதல், வழி, சார்பு என வகுத்த நன்னூலார், பாயிரம் உரைக்க வேண்டுவனவற்றுள் ஆக்கியோன் பெயர், வழி, நூற்பெயர் ஆகிய மூன்றையும் தனித்தனியே வைத்தார். எவரிடமிருந்து பெற்றோம் என்பதையும் சொல்லுக. பெற்றதை ஆக்கியவர் எவர், அதன் பெயர் யாது என்பவற்றையும் சொல்லுக என்பதே அதன் கருத்து. கம்பர் வான்மீகியைப் பின்பற்றியதைப் பாயிரத்தில் ஒளிக்கவில்லை. தம் நூலுக்கு 'இராமாவதாரம்' என வேறு பெயரும் சூட்டினார். வழியைச் சொல்வது நன்றி. தன் பெயரைச் சூட்டுவது பொறுப்பு.

இது ஏட்டுச் செய்தியாக மட்டும் நில்லாமல் எம் கண்முன் நிகழ்ந்ததும் உண்டு. நலப்பணி முகாமுக்காகப் பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவர் குப்பம் ஒன்றுக்கு எம் மாணவருடன் சென்றிருந்தோம். மாலை வகுப்புக் கூடத்தின் பழைய கணிப்பொறிகளுக்காக மாணவர் டெபியனில் தமிழ் எழுத்துருக்களையும் சிறுவர்க்கான பாடங்களையும் சேர்த்து வட்டுகள் ஆயத்தம் செய்தனர். உறைமேல் டெபியன் என்றே எழுதினால் அயலூராரும் நம்பி வாங்குவர் என்பது சிலர் வாதம். யாம் விளக்கத் தொடங்கும் முன்னே, அங்கு வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் குறுக்கிட்டார்: "ஒரே அச்சுல பத்து போட்டு ஊத்தலாம், சார். அதுக்காக என் போட்டு நம்பர அடுத்தவன் போட்டுல எழுதலாமா? கடல்ல ஒண்ணு காணாம போனா, எந்த ஊட்டுக்குச் சேதி சொல்லுவாங்க?"

பைபர் படகின் வார்ப்பு அச்சு பலர்க்கும் பொது. பதிவு எண்ணோ ஒருவர்க்கே உரியது. திருத்தியவர் செய்த பிழைக்கு முதலாக்கியோர் ஏச்சுக் கேட்பதும், ஒரு பெயரை நம்பி வாங்கியவர் வேறொன்றைப் பெற்று ஏமாறுவதும் கடலில் எண் மாறிய படகின் கதையே ஆகும்.

ஏரியும் கடலும் கலக்கும் இடத்தின் பெயரையே அச்சிறுவர்கள் தேர்ந்தனர். 'முகத்துவாரம்' என்று பெரிதாகவும், 'டெபியன் வழி வந்தது. திருத்தியோர் எம் கல்லூரி மாணவர்' என்று அதன்கீழ்ச் சிறிதாகவும் உறைமேல் எழுதப்பட்டன. இரு திங்கள் கழித்துப் பக்கத்துக் குப்பத்து ஆசிரியை ஒருவர் எட்டாம் வகுப்புப் பாடங்களையும் சேர்த்துத் தருமாறு வேண்டி எம் துறையின் வாயிலுக்கு வந்தார். கையில் அவ்வட்டின் உறை இருந்தது. யாரிடம் கேட்பது என்னும் ஐயம் அவருக்கு எழவில்லை.