அந்த முனையைப் பிடிங்க, அங்கிள்!

"மச்சான், மலேசியா வர்றியா? டிக்கெட் மட்டும் உன் செலவு. தங்குறது, சாப்பாடு எல்லாம் ஃப்ரீ!"

போனில் இப்படி ஒரு குரல் கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றும்? ஏதோ சீட்டுக் கம்பெனி ஆசாமி என்றுதானே? எனக்கும் அதேதான் தோன்றியது. ஆனால், பேசியது என் காலேஜ் நண்பன். சென்னை ஜி.பி. ரோட்டில் ஆட்டோமொபைல் ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் சர்தார்ஜி. என்னோடு பி.காம். படித்தவன். தமிழில் என்னைவிட நன்றாகத் திட்டுவான்.

விஷயம் இதுதான். மலேசியாவில் சீக்கியப் பிள்ளைகளுக்காக டிசம்பர் கடைசியில் ஒரு வாரம் கேம்ப். ஈப்போவில் வாழ்க்கைப்பட்ட அவனுடைய அக்காதான் அங்கே சமையல் இன்சார்ஜ். வழக்கமாக ஸ்டோர் கணக்கு பார்க்கும் பெரியவருக்கு முழங்கால் ஆபரேஷன். "அரிசி, பருப்பு, மாவு கணக்கு எழுத ஆள் வேணும். நீதான் பி.காம். ஆச்சே!"

படித்த படிப்பு இத்தனை வருஷம் கழித்து என்னை ஃபாரினுக்கு அனுப்பும் என்று என் அப்பாகூட நினைத்திருக்க மாட்டார். அது 2023 டிசம்பர். அந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்துதான் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே மலேசியா வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். ஒரு ரிங்கிட் சுமார் 18 ரூபாய். மனதுக்குள் பெருக்கிப் பார்த்து, ஷாப்பிங் ஆசையை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

ஏர்போர்ட்டில்தான் முழு விவரம் தெரிந்தது. நண்பனோடு அவன் பையனும் நின்றிருந்தான். 13 வயது. கொண்டையைச் சின்னத் துணியால் மூடிக் கட்டியிருந்தான். பட்கா என்பார்கள். காதில் இயர்போன், முகத்தில் சிடுசிடு.

"முடி வெட்டிக்கணுங்கிறான்" என்றான் நண்பன், என்னைத் தனியே இழுத்து. "ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்களாம். எங்கம்மா ரெண்டு நாள் சாப்பிடலை. நான் சொல்லிட்டேன்... ஒரு வாரம் இந்த கேம்ப்ல இரு, அப்புறம் நீ என்ன முடிவு பண்ணாலும் சரின்னு."

"வெட்டிக்கிறேன்னு சொல்லிட்டான்னா?"

நண்பன் பதில் சொல்லவில்லை. போர்டிங் பாஸை நான்காக மடித்துக்கொண்டிருந்தான்.

*

சென்னையிலிருந்து நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். அங்கிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் கோலகுபு பாரு. மலாய் மொழியில் 'பாரு' என்றால் புதிய. பழைய ஊர் என்ன ஆயிற்று? 1883இல் அணை உடைந்து வெள்ளம் புகுந்தது. அதற்குப் பிறகும் ஆறு சும்மா இருக்கவில்லை. கடைசியில் மேட்டில் புது ஊரைக் கட்டிக்கொண்டு குடிபோய்விட்டார்கள். இங்கிருந்துதான் ஃபிரேசர் மலைக்கு ஏறும் பாதை. 1951இல் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியைக் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் வழிமறித்துச் சுட்டது இந்த மலைச் சாலையில்தான். இப்போது சுடுவதற்கு யாரும் இல்லை. மழை மட்டும் மதியம் மூன்று மணிக்கு அட்டெண்டன்ஸ் போட வந்துவிடுகிறது.

மலையடிவாரத்தில் கேம்ப். சுமார் 500 பேர். வாசலிலேயே என் தலையில் ஒரு காவி நிறக் கைக்குட்டையைக் கட்டிவிட்டார்கள். சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த சிகரெட் பாக்கெட்டை அக்கா பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கையை மட்டும் நீட்டினார். கொடுத்தேன். சீக்கியர்களுக்குப் புகையிலை ஆகவே ஆகாது. என் மனைவி எட்டு வருஷமாகச் சாதிக்காததை அந்தக் கை மூன்று விநாடியில் சாதித்தது. (ஒரு வாரத்துக்குத்தான்!)

காலை நாலரைக்கு மணி அடிப்பார்கள். அந்த ஊரில் சூரியன் எழுந்திருப்பதே ஏழு மணிக்கு மேல். கும்மிருட்டில் குளித்துவிட்டு, 500 பேர் வரிசையாக உட்கார்ந்து 'ஜப்ஜி' சொல்வார்கள். பிறகு குர்முகி வகுப்பு, கீர்த்தனை, கத்தியும் கம்புமாகச் சுழலும் 'கட்கா' பயிற்சி, மாலையில் 'ரெஹ்ராஸ்' பிரார்த்தனை. நடுநடுவே பெரிய பெரிய டிரம்மில் மைலோ. முடி வளர்த்தவன், வெட்டியவன் என்று அங்கே பேதம் கிடையாது. கிராப்புத் தலையோடு வந்த பையன்களும் நிறையவே இருந்தார்கள். பாதிப் பேருக்கு இங்கிலீஷும் மலாயும்தான் சரளம். பஞ்சாபி திக்கித் திக்கித்தான். 35 எழுத்துகளை அவர்கள் தலைகீழாகப் போட்டு எழுதுவதைப் பார்த்தபோது, 'ழ' எழுதத் தெரியாத என் மகள் ஞாபகம் வந்து தொலைத்தது.

இவர்கள் மலாயாவுக்கு வந்த கதை சுவாரசியமானது. 1873இல் கேப்டன் ஸ்பீடி என்ற வெள்ளைக்காரர், பேராக் ஈயச் சுரங்கங்களில் நடந்த அடிதடியை அடக்க, பஞ்சாப் பக்கம் போய் ஆள் திரட்டி வந்தார். அதன்பின் போலீஸ், காவல்காரர், மாட்டுப் பண்ணை என்று பெருகினார்கள். கல்கத்தா துறைமுகத்தில் கப்பல் ஏறி வந்ததால் மலாய்க்காரர்கள் இவர்களை 'பெங்காலி' என்றார்கள். அங்குள்ள நம் தமிழர்களும் 'வங்காளி' என்றே சொல்கிறார்கள். ரவீந்திரநாத் தாகூர் கேட்டிருந்தால் தாடியைத் தடவிக்கொண்டிருப்பார்!

*

என் ஸ்டோர் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ கோதுமை மாவுக்குச் சுமார் 30 ரொட்டி. தலைக்கு மூன்று வீதம் 1,500 ரொட்டி. ஆக, வேளைக்கு 50 கிலோ மாவு. பருப்பு தலைக்கு 40 கிராம் போட்டால் 20 கிலோ. கட்டம் கட்டிப் பிரமாதமாக எழுதி, 'தலைக்கு மூன்று ரொட்டி மட்டும்' என்று அடியில் சிவப்பு மையில் கோடும் போட்டு ஒட்டினேன்.

அக்கா வந்து படித்தார். தாளைக் கிழித்தார்.

"தம்பி, கணக்கு எழுது. வேணாங்கலை. ஆனா எத்தனைன்னு சாப்பிடறவன் வயிறுதான் சொல்லணும். இது லங்கர்."

குருநானக் தொடங்கிவைத்த பொதுப் பந்தி அது. மூன்றாவது குரு அமர்தாஸ் காலத்தில், அவரைப் பார்க்க வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பேரரசர் அக்பரே அப்படித் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று சொல்வார்கள். அக்பருக்கு எத்தனை ரொட்டி போட்டார்கள் என்று எந்த ஸ்டோர் கீப்பரும் எழுதிவைக்கவில்லை!

அன்று மதியமே அதைக் கண்ணால் பார்த்தேன். கேஸ் சிலிண்டர் இறக்க வந்த லாரி டிரைவர் நம்மாள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் நடுவே சட்டமாக உட்கார்ந்துவிட்டார்.

"ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா? பசியாறிட்டீங்களா? வாங்க, உட்காருங்க. வங்காளி கோயில்ல யாரும் உங்களை யாருன்னு கேட்க மாட்டாங்க" என்று, அவர் வீட்டு விருந்து மாதிரி எனக்கு இடம் ஒதுக்கினார். பிள்ளைகள் எழுத்துப் பழகுவதைப் பார்த்து, "எங்களுக்காச்சும் நாடு முழுக்க ஐந்நூறுக்கு மேல தமிழ்ப் பள்ளி இருக்கு. பாவம், இவங்க ஒரு வாரத்துல எல்லாத்தையும் புகட்டணும்" என்றார். நாலு ரொட்டி சாப்பிட்டார். என் கணக்குப்படி ஒன்று அதிகம்.

*

நாலாவது நாள் ராத்திரி. வெளியே கொட்டும் மழை. தட்டு எண்ண என்னோடு நண்பனின் பையனை அனுப்பியிருந்தார்கள். நூறு நூறாக அடுக்கிக்கொண்டிருந்தோம். திடீரென்று கேட்டான்:

"அங்கிள், அந்தப் பன்னண்டு மணி ஜோக் நீங்க எழுதினதா?"

எனக்குக் கையிலிருந்த தட்டுகள் கணக்கு தப்பின.

நான் பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதிப் பிழைக்கிறவன். விஷயம் கிடைக்காத வாரத்தில் கை தானாகவே ஒரு சர்தார்ஜியைத் தேடும். எத்தனை எழுதியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. காலேஜ் காலத்திலிருந்து இவன் அப்பாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை லைசென்ஸ் என்று எடுத்துக்கொண்டேன்.

"எங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் போட்டோ எடுத்துப் போட்டான். கீழே உங்க பேர் இருந்துச்சு. தினமும் மத்தியானம் பன்னண்டு மணி பெல் அடிச்சா எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பாங்க."

அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் அவசரமாக வக்கீல் ஆனேன். "குஷ்வந்த் சிங்கே புஸ்தகம் புஸ்தகமா சர்தார்ஜி ஜோக் போட்டிருக்காருடா..."

"அவர் தலைல டர்பன் இருந்துச்சு அங்கிள். உங்க தலைல இல்லையே."

2017இல் உச்ச நீதிமன்றத்தில்கூட இந்த வழக்கு வந்தது. சர்தார்ஜி ஜோக்குகளைத் தடை செய்யச் சொல்லிக் கேட்டார்கள். குடிமக்களின் ஒழுக்கத்துக்கெல்லாம் கோர்ட் விதி போட முடியாது என்று சொல்லிவிட்டது. ஆக, சட்டப்படி நான் குற்றவாளி இல்லை. ஸ்டோர் ரூமில் அந்தத் தீர்ப்பு செல்லுபடியாகவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அவர்கள் ஒரு கதை சொல்வதுண்டு. நாதிர் ஷா 1739இல் டெல்லியைச் சூறையாடிவிட்டுத் திரும்பியபோது, பிடித்துப்போன பெண்களை மீட்க நள்ளிரவில் சீக்கியக் குழுக்கள் பாய்ந்தனவாம். 'பன்னிரண்டு மணி ஆகிவிட்டது' என்றால் எதிரிக்குக் குலைநடுக்கமாம். சரித்திர ஆசிரியர்கள் என்ன சொல்வார்களோ, பையனுக்கு நான் அதைச் சொன்னேன்.

"தெரியும் அங்கிள். பாட்டி சொல்லியிருக்காங்க. ஆனா அதை கிளாஸ்ல சொன்னா இன்னும் சிரிக்கிறாங்க."

அதற்குமேல் என்னிடம் வக்காலத்து இல்லை. "தப்புதான்டா. இனிமே எழுத மாட்டேன்" என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டு, "இங்க தொண்ணூத்தேழுதான் இருக்கு அங்கிள்" என்று தட்டைத் திரும்ப எண்ண ஆரம்பித்தான்.

*

கடைசிக்கு முதல் நாள், தலைப்பாகை கட்டும் வகுப்பு. ஐந்து மீட்டருக்கு மேல் நீளும் மெல்லிய காட்டன் துணி. எல்லோரும் தனியாகக் கட்டிக்கொள்வார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. முதலில் துணியை நீளவாக்கில் மடிக்க வேண்டும். அதற்கு மறுமுனையில் ஒரு ஆள் வேண்டும். இருவரும் இழுத்துப் பிடித்து, உதறி, ஓரம் பார்த்து மடிக்க வேண்டும். நம் வீட்டில் புடவை மடிக்கிற மாதிரிதான்!

என் நண்பன் கூட்டத்தில் தள்ளி நின்றான். பையன் சுற்றுமுற்றும் பார்த்தான். கருநீலத் துணியின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினான்.

"அந்த முனையைப் பிடிங்க, அங்கிள்."

பிடித்தேன். முதல் தடவை தலைப்பாகை காதுக்கு மேல் சரிந்தது. இரண்டாவது, சுனாமி வந்த வீடு. நாலாவது தடவை நின்றது. கண்ணாடியில் பார்த்தான். சிரிக்கவில்லை. ஆனால், அவிழ்க்கவும் இல்லை. நண்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்படிப் புகை என்றான். அடுப்படி நூறு அடி தள்ளி இருந்தது.

"என்னடா முடிவு?" என்று ஃபிளைட்டில் கேட்டேன்.

"ஸ்கூல் திறக்கட்டும் அங்கிள். பார்க்கலாம்."

ஜனவரி முழுக்கப் பட்காவோடுதான் ஸ்கூலுக்குப் போனான். நண்பனுக்கோ, கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. விடிகாலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது.

"அங்கிள், அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு லூதியானா போயிருக்காங்க. பாட்டிக்குக் கை நடுங்குது. அந்த முனையைப் பிடிக்க ஆள் இல்லை. வர்றீங்களா?"

பல்லைக்கூட ஒழுங்காகத் தேய்க்காமல் ஓடினேன். மடித்தோம். கட்டினான். பாட்டி வாசல்வரை வந்து பார்த்துக்கொண்டே நின்றார். லேட்டாகிவிட்டதால் நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் ஸ்கூலில் விட்டேன்.

சிக்னலில் போலீஸ்காரர் மடக்கினார். மோட்டார் வாகனச் சட்டம் 129ஆம் பிரிவின்படி தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு ஹெல்மெட் வேண்டாம். பையன் தப்பித்தான்.

அவசரத்தில் ஹெல்மெட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தவன் நான்தான்!