ஒரு நாள் ஈன்ற இருவர்

நாள்காட்டியில் எல்லா நாளும் ஒரே அளவின. ஆயினும், சில நாள்களுக்குத் தனிப்பெருமை வாய்த்துவிடுகிறது. தமிழ் மெல்லிசை வரலாற்றில் ஜூன் 24 அத்தகைய நாளாகும். 1927ஆம் ஆண்டு அந்நாளில் செட்டிநாட்டுச் சிறுகூடல்பட்டியில் முத்தையா பிறந்தார். அவரே பின்னாளில் கவியரசு கண்ணதாசன். சரியாக ஓராண்டு கழித்து, 1928இல் அதே நாளில், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் எம். எஸ். விசுவநாதன் பிறந்தார். மேலைநாட்டுக் கிதார் கலைஞர் ஜெப் பெக் 1944இல் பிறந்ததும் இந்நாளே. எனினும், கெடா மாநிலத் தோட்டப்புற மக்களின் நெஞ்சில் குடிபுகுந்தோர் முன்னவர் இருவரே.

கவிஞர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். விசுவநாதனோ இளமையிலேயே தந்தையை இழந்து, கண்ணனூர்த் திரையரங்கில் தின்பண்டம் விற்றவர். மலையாள மண்ணில் பிறந்த அவரே, 1970இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் இசை வடிவம் தந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

டி. கே. இராமமூர்த்தியுடன் இணைந்து விசுவநாதன் இசையமைக்க, கண்ணதாசன் பாட்டெழுதிய 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' ஆகிய மூன்று படங்களும் 1961ஆம் ஆண்டிலேயே வெளிவந்தன. அக்காலத்தில் பீடோங், சுங்கைப் பட்டாணி, கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வாழ்வு எளிதன்று. விடியுமுன் பெரட்டு, அதன்பின் உளியும் வாளியுமாய்ப் பால்மரக் காடு. நூலகம் எட்டாத அந்த லயத்து வீடுகளை வானொலி எட்டியது. திடலில் வெண்திரை கட்டிப் படம் காட்டிய இரவுகளில் தோட்டமே திரண்டது. எழுத்தறியாத தாயும் பாட்டறிந்தாள். பாட்டின் வழியே ஏட்டுத்தமிழும் அவள் நாவில் ஏறியது.

"சினிமாப் பாட்டுத்தானே!" என்று முகம் சுளித்த தமிழாசிரியரும் உண்டு. அவர்தம் கவலை பொருளற்றதன்று. பதரும் அங்கே மிகுதி. ஆயினும், பதருக்கு அஞ்சி நெல்லைக் கொட்டுவார் உளரோ? பட்டினத்தார் உரைத்த நிலையாமையை, 'பாத காணிக்கை' (1962) படப்பாடல் ஒன்றில் பாமரர்க்கும் விளங்க வைத்தார் கண்ணதாசன். இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பித்தால், திரைப்பாட்டே சித்தர் பாடலுக்கு வாயிலாகும்.

கவிஞர் 1981இலும் மெல்லிசை மன்னர் 2015இலும் மறைந்தனர். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. இரப்பர் நின்ற இடங்களில் செம்பனை எழுந்தது. மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தனர். ஒன்றாய் அமர்ந்து கேட்ட பாட்டை இன்று ஒவ்வொருவரும் தனித்தே கேட்கின்றனர். பாட்டி அறிந்த சொல் பேரனுக்கு அயற்சொல்லாகிறது. இழப்பு பாட்டளவில் நிற்பதன்று, மொழியே தேய்கிறது.

ஆகவே, ஜூன் 24ஐ ஒட்டி மாணவர்க்கு எளிய பணியொன்று தரலாம். வீட்டு முதியோரிடம் ஒரு பாட்டைக் கேட்டு எழுதி, அதில் விளங்காத சொற்களுக்கு அவர்களிடமே பொருள் கேட்டு வரட்டும். பள்ளிக்கூடம் காணாத முதியவரும் அன்று ஆசிரியராவார். தமிழும் ஒரு தலைமுறை தாண்டும்.